இரவல் அண்ணையின் பத்தொன்பதாவது வழக்கு

திருகோணமலை நீதவான் நீதிமன்றத்துக்கு எத்தனையோ கள்ளர் வந்துபோயிருக்கிறார்கள். ஆனால் வாழ்க்கையில் ஒரு பொருளையும் களவெடுக்காமல் பதினெட்டுத் தடவை மறியலுக்கு, அதாவது சிறைக்கு, போய்வந்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான் இருந்திருப்பார். அவர்தான் இரவல் அண்ணை.

அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று வழக்குப் புத்தகத்தில் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். நீதிமன்றச் சேவகர் வாசலில் நின்று அந்தப் பெயரை மூன்று முறை கூவுவார். இரவல் அண்ணை முற்றத்து வேப்பமரத்தின் கீழ் குந்தியிருந்து, பக்கத்தில் இருப்பவருக்குக் காற்று எந்தப் பக்கம் திரும்பப் போகிறது என்று விளக்கிக்கொண்டிருப்பார். சேவகர் அலுத்துப்போய், "இரவல் அண்ணை!" என்றால், "ஓம், வாறன், வாறன்" என்று சால்வையை உதறிக்கொண்டு எழும்புவார். அப்போது அவருக்கு அறுபது வயது இருக்கும். எழுபது வயதுக்காரரும் அவரை அண்ணை என்றுதான் சொன்னார்கள்.

வெள்ளைக்காரர் காலத்தில் கடற்படைத் தளத்தில் துடுப்புப் போடுவது அவருக்கு வேலை. துரைமாரைக் கப்பலுக்கும் கரைக்கும் ஏற்றி இறக்கியவர். தளத்தைக் கொடுத்துவிட்டு வெள்ளைக்காரர் போனபோது வேலையும் போய்விட்டது. ஆனால் விடியற்காலையில் எழும்பித் துடுப்புப் பிடிக்கும் பழக்கம் மட்டும் போகவில்லை. சொந்த வள்ளம் கிடையாது. ஆகவே அவர் கரைக்குப் போவார். கட்டிக் கிடக்கும் வள்ளங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பார். பிடித்ததை அவிழ்ப்பார். கொட்டியாரக் குடாவில், மூதூர்க் கரை தெரியும் தூரம் வரை தனியாக வலித்துக்கொண்டு போய், மத்தியானத்துக்குள் திரும்பிவிடுவார்.

வள்ளம் போனதைவிட நல்ல நிலையில் திரும்பி வரும். ஒழுக்கு அடைத்திருக்கும், ஆடிய பலகை இறுகியிருக்கும், அடித்தளம் கழுவித் துடைத்திருக்கும். குறை ஒன்றுதான். எடுத்த இடத்தில் அதைக் கொண்டுவந்து விட மாட்டார்.

"அங்க ஒரே வெயில், ஐயா. பலகை வெடிச்சுப் போகும். அதுதான் நிழல் பாத்துக் கட்டினனான்" என்பார்.

அவர் பார்த்த நிழல் அரை மைலுக்கு அப்பால் இருக்கும். வள்ளத்துக்குச் சொந்தக்காரர் அன்றைய தொழிலை விட்டுவிட்டுக் கரை முழுவதும் ஓடித் திரிவார். கடைசியில் பொலிசுக்குப் போவார்.

நீதிமன்றத்தில் நடக்கும் கதை எப்போதும் ஒன்றுதான்.

"வள்ளத்தைக் களவெடுத்தீரா?"

"களவில்லை ஐயா, இரவல்."

"சொந்தக்காரரிட்டக் கேட்டீரா?"

"இல்லை."

"கேக்காமல் எடுத்தால் அதுக்கு என்ன பேர்?"

"அதுதானே சொன்னனான் ஐயா. இரவல்."

களவு என்று அவர் ஒப்புக்கொள்ளாததால் ஒவ்வொரு தடவையும் முழு விசாரணை நடக்கும். அதற்கு அவரைப்போல ஒத்தாசை செய்தவர் இல்லை. சாட்சி சொல்ல வந்தவருக்கு நேரம் மறந்துபோனால் கூண்டுக்குள் நின்று எடுத்துக்கொடுப்பார். ஒருமுறை பொலிஸ் சார்ஜன் அவருடைய முன்குற்றங்களை வாசித்து, "மொத்தம் பதினாறு" என்று முடித்தார். இரவல் அண்ணை கையை உயர்த்தினார்.

"பதினேழு, ஐயா. மூதூர்ப் பக்கத்து வழக்கு ஒண்டை சார்ஜன் ஐயா விட்டிட்டார்."

சார்ஜன் தாளைப் புரட்டிப் பார்த்து, "ஓம், மெய்தான்" என்று நன்றி சொன்னார். அந்தப் பதினேழாவதால் தண்டனையில் இரண்டு கிழமை கூடியது.

ஊருக்குள் இதனால் ஒரு விசித்திரமான பழக்கமும் உண்டானது. வள்ளம் ஒழுகத் தொடங்கினால் சிலர் அதைத் தச்சரிடம் கொண்டுபோகாமல், இரவல் அண்ணை கண்ணில் படுகிற இடமாகப் பார்த்துக் கட்டினார்கள். நிலாவெளியில் இருந்து ஒருவர் அதற்காகவே வள்ளத்தை வலித்துக்கொண்டு வந்து போட்டார். மூன்று கிழமை கழித்து அவர் பொலிஸ் நிலையத்துக்குப் போய் முறைப்பாடு செய்தார்.

"ஐயா, என்ர வள்ளம் போட்ட இடத்திலயே கிடக்குது. இரவல் அண்ணை அதைத் திரும்பியும் பாக்கிறாரில்லை."

"அது எந்தச் சட்டத்தில குற்றம் எண்டு எனக்குச் சொல்லு பாப்பம்" என்று சார்ஜன் கேட்டாராம்.

இப்படியெல்லாம் சொல்லிச் சிரித்தவர்கள் பெரும்பாலும் வள்ளம் இல்லாதவர்கள். வள்ளம் உள்ளவர்களுக்கு ஒரு நாள் தொழில் போனால் ஒரு நாள் போனதுதான். அதையும் சொல்லிவிட வேண்டும்.

இந்த நிலையில்தான் நான் அங்கே நன்னடத்தை உத்தியோகத்தராகப் போய்ச் சேர்ந்தேன். குற்றம் செய்தவரை மறியலுக்கு அனுப்பாமல் வெளியில் விட்டு, அவர் ஒழுங்காக நடக்கிறாரா என்று கூடவிருந்து பார்க்கும் வேலை. எனக்கு வயது இருபத்தாறு. ஓர்ஸ் ஹில்லில் வாடகைக்கு ஓர் அறை, நீதிமன்றத்தின் பின்பக்கத்தில் ஓர் ஆடுகிற மேசை, உலகத்தைத் திருத்திவிடலாம் என்ற நினைப்பு, இவைதான் என் சொத்து. அப்போதிருந்த நீதவான் பழைய காலத்து மனிதர். என்னைக் காணும்போதெல்லாம், "என்ன, இண்டைக்கு ஆரைத் திருத்தப் போறீர்?" என்று சிரிப்பார். ஓய்வுபெற்றுப் போகும் வரை ஒருவரைக்கூட என்னிடம் ஒப்படைக்கவில்லை.

புதிதாக வந்த நீதவான் அதிகம் பேசாதவர். தண்டனை சொல்வதற்கு முன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். துடைக்கிற நேரம் கூடக்கூடத் தண்டனையும் கூடும் என்பது முற்றத்தில் இருந்தவர்களின் கணிப்பு. அவர் வந்த ஐப்பசியிலேயே இரவல் அண்ணையின் பத்தொன்பதாவது வழக்கு வந்து சேர்ந்தது.

இந்தத் தடவை அவர் அவிழ்த்தது கிண்ணியா விறகு முதலாளியின் பெரிய வள்ளத்தை. முதலாளிக்குத் துறைமுகக் கரையில் விறகு அடுக்கி விற்கும் வாடி இருந்தது. அன்றைக்குக் கிண்ணியாவில் இருந்து ஏற்றிவர வேண்டிய விறகு அங்கே கரையில் காத்துக் கிடந்தது. வள்ளத்தைக் காணவில்லை. மத்தியானம் பார்த்து ஐப்பசி மழை கொட்டி, விறகு முழுவதும் ஊறிப்போனது. வாடைக் காற்று தொடங்கும் முன் வள்ளம் விடக்கூடிய கடைசி நாளும் அதுதான்.

"ஐயா, எனக்கு அண்ணனோட கோவம் இல்ல" என்றார் முதலாளி சாட்சிக் கூண்டில் நின்று. சொல்லும்போது குரல் கோபத்தில் நடுங்கியது. "ஆனா எண்ட விறக இப்ப பிழிஞ்சா ஒரு வாளி தண்ணி வரும்."

குற்றம் நிரூபணமானது. சார்ஜன் எழும்பி, பதினெட்டு முன்குற்றங்களையும் ஒன்றும் விடாமல் வாசித்தார். ஒரு மாதம், இரண்டு மாதம் என்று இங்கே அடைத்துப் பிரயோசனமில்லை, இந்தத் தடவை இரண்டு வருடம் மலைநாட்டுப் பக்கத்துப் பெரிய மறியலுக்கு அனுப்ப வேண்டும் என்று கேட்டார்.

கூண்டுக்குள் எப்போதும் விருந்துக்கு வந்தவர்போல நிற்கும் இரவல் அண்ணை அன்றுதான் கம்பியைப் பிடித்தார். நீதவான் அதைக் கவனித்தார். தண்டனை சொல்வதற்கு முன் நன்னடத்தை உத்தியோகத்தரின் அறிக்கை வேண்டும் என்றார். என் பதவியின் பெயரை அந்த மண்டபத்தில் ஒருவர் உச்சரித்தது அதுதான் முதல் தடவை.

என் அறிக்கைப் படிவத்தில், 'குற்றத்துக்கான காரணம்' என்று ஒரு கட்டம் இருந்தது. இரவல் அண்ணையிடம் அதைக் கேட்டேன்.

"எழுதுங்கோ தம்பி. கட்டிக் கிடந்தது."

"எது?"

"வள்ளம்."

"அண்ணை, அது காரணமில்லை."

"வேற காரணம் எனக்குத் தெரியாதே."

பேனையை மூடிவிட்டு, மலைநாட்டு மறியலுக்குப் பயப்படுகிறீர்களா என்று கேட்டேன்.

"எங்கட மறியலில படுத்தால் கடல் சத்தம் கேக்கும் தம்பி. நான் கடல் சத்தம் கேளாமல் ஒரு நாளும் நித்திரை கொண்டதில்லை. அங்க என்ன கேக்கும்?" என்றவர், "இந்த வயதில ரெண்டு வருசம் எண்டால் நான் திரும்பி வரமாட்டன்" என்று முடித்தார். எந்தப் பக்கம் காற்று வீசுகிறது என்று சொல்லும் அதே குரலில்தான் சொன்னார்.

பதினொரு பக்கம் எழுதினேன். ஒரு வருட நன்னடத்தைக் கட்டளை போட வேண்டும், அதற்கு நான் பொறுப்பு என்று கடைசிப் பக்கத்தில் கோடு போட்டுக் காட்டினேன். நீதவான் அதை முழுவதும் வாசித்திருந்தார். அதுவே எனக்குப் பெரிய ஆச்சரியம்.

"நான் உம்மை மறியலுக்கு அனுப்பாமல் விட ஏலும்" என்று இரவல் அண்ணையிடம் சொன்னார். "ஆனால் அதுக்கு உம்முடைய சம்மதம் வேணும். ஒரு வருசத்துக்கு ஒருத்தற்ற வள்ளத்தையும் தொடமாட்டன் எண்டு சொல்லும்."

"ஏலாது, ஐயா."

எனக்கு அந்த இடத்திலேயே நிலம் பிளந்து உள்ளே போய்விடலாம்போல இருந்தது.

"ஏன் ஏலாது?"

"ஒரு வருசம் எண்டுறது சரியான நீட்டு. சொன்னால் நிக்க வேணும். நான் இந்தக் கோட்டில இதுவரைக்கும் பொய் சொன்னதில்லை. சார்ஜன் ஐயாவைக் கேட்டுப் பாருங்கோ."

எல்லோரும் சார்ஜனைப் பார்த்தார்கள். "அது மெய்தான், ஐயா" என்று சார்ஜன் வேண்டாவெறுப்பாக ஒத்துக்கொண்டார்.

நீதவான் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு அதைப் போட்டுக்கொண்டு கேட்டார்:

"அப்ப எவ்வளவு நாளைக்குச் சொல்ல ஏலும்?"

இரவல் அண்ணை யன்னலால் வேப்பமரத்து இலைகளைப் பார்த்தார்.

"வாற திங்கள் வரைக்கும் தாங்கும்."

தண்டனையைத் தள்ளிப்போட நீதவானுக்கு அதிகாரம் இருக்கிறது. அதைக் கிழமைக் கணக்கில் தள்ளிப்போட்டது இலங்கையிலேயே அவர் ஒருவராகத்தான் இருக்கும். அடுத்த திங்கட்கிழமை காலை முதல் வழக்கு அதுதான்.

"என்ன மாதிரி?"

"இன்னும் ஒரு கிழமை, ஐயா."

"சரி. போயிட்டு வாரும்."

அதற்கடுத்த திங்களும் அதே கதை. கார்த்திகை போனது, மார்கழி போனது, தை போனது. முறைப்பாட்டுக்காரர் என்பதால் விறகு முதலாளியும் திங்கட்கிழமைகளில் வந்து, பின்வரிசை வாங்குப் பலகையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்துவிட்டுப் போவார். நானோ சனிக்கிழமை தவறாமல் இரவல் அண்ணையின் குடிசைக்குப் போய் அவருக்குப் புத்தி சொன்னேன். பொறுப்பு, பிறர் உடைமை, மனக்கட்டுப்பாடு என்று ஒரு மணித்தியாலத்துக்குக் குறையாமல் பேசுவேன். அவர் கவனமாகக் கேட்டுவிட்டு, "நல்ல கதை, தம்பி" என்று தேத்தண்ணி தருவார். ஒரு வள்ளமும் காணாமல் போகவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. கொழும்பில் இருந்த என் மேலதிகாரிக்கு, பதினெட்டு முன்குற்றம் உள்ள ஒருவரை என் தனி முறையால் திருத்தி வருவதாக எழுதினேன். அந்த முறையை விளக்கி ஒரு கட்டுரை அனுப்பும்படி பதில் வந்தது. நானும் எழுதத் தொடங்கினேன்.

மாசி முடிகிற ஒரு திங்கட்கிழமை. வழக்கம்போல முதல் வழக்கு.

"என்ன மாதிரி? இன்னும் ஒரு கிழமையோ?"

இரவல் அண்ணை தலையைக் குனிந்தார். "இந்தக் கிழமை ஏலாது, ஐயா."

"ஏன்?"

"வாடை முறிஞ்சிட்டுது. காத்தில்லை. குடா அப்பிடியே படுத்துக் கிடக்கு. விடிய எழும்பிப் பாத்தனான். என்ர கையைப் பற்றி நான் பொறுப்புச் சொல்ல ஏலாது."

எனக்குத் திடீரென்று ஒரு சந்தேகம் வந்தது. மடியில் இருந்த கோப்பைத் திறந்து பதினெட்டு வழக்குகளின் மாதங்களையும் பார்த்தேன். எல்லாம் பங்குனிக்கும் ஐப்பசிக்கும் இடையில் நடந்தவை. வாடைக் காற்றில் அந்தக் குடாவுக்குள் தனியாக வள்ளம் இறக்க எவராலும் முடியாது. நாலு மாதமாக இரவல் அண்ணையை நான் காவல் காத்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். காத்தது கடல். என் கட்டுரையின் முதல் எட்டுப் பக்கங்கள் மேசையில் கிடந்தன.

இனித் தள்ளிப்போட வழியில்லை. சார்ஜன் எழும்பி, இரண்டு வருடம் என்பதை மறுபடியும் நினைவுபடுத்தினார். முன்புபோல உரத்துச் சொல்லவில்லை. நீதவான் கண்ணாடியைக் கழற்றி ஒரு பக்கம் துடைத்தார், மறுபக்கமும் துடைத்தார்.

"எனக்கு ஒண்டு மட்டும் விளங்கேல்லை" என்றார். "கேட்டு எடுத்தால் என்ன? கேட்டிருந்தால் இந்தப் பத்தொன்பது வழக்கில பாதியாவது வந்திருக்காதே."

"கேட்டால் ஏலாது எண்டு சொல்லுவினம் ஐயா. அதுக்குப் பிறகு எடுத்தால் அது களவு. கேக்காமல் எடுத்தால் இரவல்."

மண்டபம் முழுவதும் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

"தளம் மூடேக்கை ஒரு துரையிட்டப் போய்க் கேட்டனான், ஐயா. முப்பது வருசம் வலிச்சனான், ஓட்டைப் படகு ஒண்டு மூலையில கிடக்குது, அதைத் தாங்கோ எண்டு. ஏலாதெண்டிட்டார். பிறகு அதை எரிச்சுப்போட்டினம். அண்டையில இருந்து நான் ஒருத்தரிட்டயும் ஒண்டும் கேக்கிறதில்லை."

சிரிப்பு நின்றது. பதினொரு பக்க அறிக்கை எழுதிய எனக்கு இதைக் கேட்கத் தோன்றவில்லையே என்று வெட்கமாக இருந்தது.

நீதவான் பின் வாங்கைப் பார்த்து விறகு முதலாளியை எழுப்பினார். பிறகு இருவருக்கும் பொதுவாகச் சொன்னார்.

"சாப்பாட்டுக்குப் பிறகு ரெண்டு மணிக்கு இந்த வழக்கை எடுப்பன். அதுக்குள்ள நீர் முதலாளியிட்ட வள்ளத்தைக் கேக்க வேணும். வாய் திறந்து கேக்க வேணும். முதலாளி, நீங்கள் குடுக்க வேணுமெண்டு கட்டாயமில்லை, அது உங்கட விருப்பம். கேட்டால், ஒரு வருசத்துக்குக் கேட்டுத்தான் எடுப்பன் எண்டு சம்மதம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்புவன். கேக்காட்டி மலைநாட்டுக்குப் போகலாம்."

"இதுக்கு ரெண்டு வருசமே பரவாயில்லை" என்று முணுமுணுத்தபடி இரவல் அண்ணை கூண்டை விட்டு இறங்கினார்.

வேப்பமரத்தின் கீழ் முதலாளி ஒரு வேரில் உட்கார்ந்தார். இரவல் அண்ணை இன்னொரு வேரில். நான் நடுவில் நின்றேன். சார்ஜன் கொஞ்சம் தள்ளி, மறியல்காரரைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிக்கொண்டு காதைக் கொடுத்து நின்றார்.

ஒரு மணி வரை காற்றைப் பற்றிக் கதைத்தார்கள். பிறகு முதலாளியின் மகளின் கலியாணத்தைப் பற்றிக் கதைத்தார்கள். முதலாளி சோற்றுப் பொட்டலத்தை அவிழ்த்து, "கையக் கழுவுங்க அண்ணன்" என்றார். பாதிப் பொட்டலத்தை இரவல் அண்ணை சாப்பிட்டார். ஒன்றே முக்கால் ஆனது. என் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது.

"அண்ணை, கேளுங்கோ" என்றேன்.

"பொறுங்கோ தம்பி." தொண்டையைச் செருமினார். "முதலாளி, உங்கட வள்ளத்தின்ர பின்பக்கத்தில ஒரு பலகை இளகிக் கிடக்கு."

"அப்பிடியா? சரி."

"அதை இறுக்க வேணும்."

"இறுக்கத்தான் வேணும்."

"இறுக்கிறதெண்டால் வள்ளம் வேணும்."

"வள்ளம் இல்லாம எப்பிடி இறுக்கிற?" என்றார் முதலாளி. அவர் லேசில் விடுகிறவர் இல்லை.

உள்ளே மணி அடித்தது. சேவகர் வாசலுக்கு வந்தார். இரவல் அண்ணை சால்வையைத் தோளில் இருந்து எடுத்துக் கையில் சுற்றினார், அவிழ்த்தார், மறுபடியும் சுற்றினார். நிலத்தைப் பார்த்துக்கொண்டு, ஒரே மூச்சில் சொன்னார்:

"நாளைக்கு விடிய உங்கட வள்ளத்தை எனக்கு ஒருக்கா இரவல் தருவீங்களோ?"

நான் விட்ட மூச்சு சார்ஜனுக்குக் கேட்டிருக்கும்.

முதலாளி கையைக் கழுவி, வாயைத் துடைத்து, நிதானமாகச் சொன்னார்: "ஏலாது, அண்ணன். விறகு நனைஞ்சத நான் இன்னும் மறக்கல்ல."

இனி இந்த மனிதர் நேராகக் கரைக்குப் போய் முதலில் கண்ட வள்ளத்தை அவிழ்ப்பார், அதோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். இரவல் அண்ணை அசையாமல் நின்றார். தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னிடம் கேட்டார்:

"தம்பி, ஏலாதெண்டு சொல்லிட்டார், என்ன?"

"ஓம், அண்ணை."

"நான் நிண்டுகொண்டுதானே இருக்கிறன்?"

"நிக்கிறியள் அண்ணை."

"ம்" என்றார். வேட்டியைச் சரிசெய்துகொண்டு, அவராகவே கூண்டை நோக்கி நடந்தார்.

"கேட்டீரோ?" என்றார் நீதவான்.

"கேட்டனான், ஐயா."

"என்ன சொன்னார்?"

"ஏலாதெண்டிட்டார்."

"பிறகு?"

"பிறகென்ன ஐயா, வந்திட்டன்."

நீதவான் கண்ணாடியைக் கழற்றவே இல்லை. "அப்ப ஒரு வருசத்துக்குச் சொல்ல ஏலுமோ?"

"ஓம், ஐயா. கேட்டு எடுப்பன். ஏலாதெண்டால் வந்திடுவன். இதை எவ்வளவு நாளைக்கும் சொல்லலாம்."

நீதவான் கட்டளையை எழுதத் தொடங்கினார். அந்த நேரம் பின் வாங்கில் இருந்து விறகு முதலாளி எழும்பினார்.

"ஐயா, நான் ஒரு வார்த்த சொல்லலாமா? நாளைக்குச் சுபஹுத் தொழுதிட்டு நான் வாடியிலதான் இருப்பன். அங்க வந்து இன்னொருக்காக் கேக்கச் சொல்லுங்க."

மறுநாள் விடிய நான் விறகு அடுக்கின் பின்னால் ஒளித்து நின்று பார்த்தேன். சார்ஜன் எனக்கு முன்பே வந்து அங்கே ஒளித்து நின்றார். இரவல் அண்ணை வந்தார், கேட்டார், முதலாளி தலையை ஆட்டினார். வள்ளம் குடாவுக்குள் போய்ப் புள்ளியாகும் வரை மூன்று பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

மத்தியானம் முதலாளி மூச்சிரைக்க நீதிமன்றத்துக்கு ஓடி வந்தார். வள்ளத்தைக் காணவில்லை. கட்டளையை எடுத்துப் பார்த்தோம். கேட்டு எடுக்க வேண்டும் என்றுதான் அதில் இருந்தது. எங்கே கொண்டுவந்து கட்ட வேண்டும் என்று ஒரு சொல்லும் இல்லை. அரை மைல் தள்ளி ஒரு புளியமரத்தின் கீழ், பின்பக்கத்துப் பலகை இறுகி, வள்ளம் பத்திரமாகக் கிடந்தது. முதலாளி அந்தக் கிழமையே தன் வாடிக் கரையில் தென்னோலைக் கிடுகால் ஒரு கொட்டில் போட்டுவிட்டார். "நிழல்தானே வேணும் அந்த மனிசனுக்கு? இஞ்சயே கிடக்கட்டும்" என்றார்.

அந்த வருடம் முழுவதும் வழக்கில்லை. அதற்கடுத்த வருடமும் இல்லை. சிலர் ஏலாது என்றார்கள், அவர் அடுத்தவரிடம் கேட்டார். கேட்கத் தொடங்கிய பிறகு அவருக்கு அது ஒரு பொழுதுபோக்காகவே ஆகிவிட்டது. சார்ஜனிடம் சைக்கிளை இரவல் கேட்டார். நீதவானிடம் ஒருநாள் பழைய பத்திரிகை கேட்டார் என்றும் கதை. என் கட்டுரையை நான் கிழித்துப்போட்டேன். மேலதிகாரி மறுபடியும் எழுதிக் கேட்டபோது, என் முறை வாடைக் காலத்தில் மட்டும் பலிக்கும் என்று பதில் போட்டேன்.

எனக்கு இடமாற்றம் வந்தது. புகையிரத நிலையத்துக்கு இரவல் அண்ணை வந்திருந்தார். வானத்தில் ஒரு முகில் இல்லை. என் பெட்டியோடு கட்டியிருந்த குடையைக் காட்டி,

"தம்பி, உங்கட குடையை ஒருக்கா இரவல் தருவீங்களோ?" என்றார்.

"இந்த வெயிலுக்கோ, அண்ணை?"

"தருவீங்களோ, ஏலாதோ?"

அவிழ்த்துக் கொடுத்தேன். புகையிரதம் வளைவில் திரும்பும்வரை அவர் அதை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார். புது ஊரில் இறங்கியபோது மழை கொட்டிக்கொண்டிருந்தது. நனைந்துகொண்டு போகும்போது அவரை வாய்க்கு வந்தபடி ஏசினேன்.

அவரைப் பார்க்கப் போவேன், போவேன் என்று சொல்லிக்கொண்டே எட்டு வருடம் போய்விட்டது. கலியாணம், பிள்ளைகள், இன்னும் இரண்டு மாற்றங்கள். எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு வேலையாகத் திருகோணமலைக்குப் போனபோது நேராக விறகு வாடிக்குத்தான் போனேன். முதலாளிக்குத் தாடி நரைத்திருந்தது. என்னைக் கண்டவுடன் எழும்பிக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணன் போன வாடையில கண்ண மூடிட்டார், தம்பி. இஞ்ச ஊரிலதான். கடல் இரைஞ்சுகொண்டு கிடந்திச்சு."

என்னைக் கரைக்குக் கூட்டிக்கொண்டு போனார். கிடுகுக் கொட்டிலின் நிழலில் வள்ளம் கிடந்தது. அதற்கு மேலே கூரை வளையில் என் குடை தொங்கியது.

"கம்பி ஒண்டு இளகி இருந்திச்சாம். இறுக்கி வெச்சிட்டார். உங்கட ஊருக்கு அனுப்பி விடட்டா எண்டு எத்தினயோ தரம் கேட்டன். வேணாம், தேடிக்கொண்டு வருவார் எண்டுட்டார்."

குடையை எடுத்து விரித்தேன். துணியில் இருந்த பழைய கிழிசலும் தைத்திருந்தது. கொடுத்த இடத்தில் இல்லாமல், நிழல் பார்த்து, கொடுத்ததைவிட நல்ல நிலையில் என் பொருள் என்னிடம் திரும்பி வந்திருந்தது. பத்தொன்பது பேர் அவர்மேல் முறைப்பாடு செய்திருக்கிறார்கள். எனக்கு ஒரு முறைப்பாடும் இல்லை, அண்ணை. தேடி வரத்தான் பிந்திப்போனேன்.